நம் வானத்தில் தெரியாது

வாலிநோக்கம் கிளை நூலகத்தில்
வானத்துக்கு ஒரே ஒரு புத்தகம்.
முதுகில் 523 என்று ஒட்டுத்தாள்.
பக்கத்தில் குரூப்-4 வழிகாட்டிகள் பதினெட்டு.
அவை நெருக்கியதில் எப்போதும்
கொஞ்சம் சாய்ந்தே நிற்கும்,
பூமியின் அச்சு மாதிரி என்பேன்.
கேட்க ஆளிருக்காது.

எங்கோ குளிர்நாட்டில் எழுதியது,
சென்னையில் யாரோ தமிழாக்கியது.
வழவழத் தாள். எங்கள் ஊர்க் காற்றில்
ஈரம் கோத்து ஒட்டிக்கொள்ளும்;
வியாழனைப் புரட்டினால்
சனியும் கூடவே வரும்.

நாளை இருப்புக் கணக்கெடுப்பு.
பென்சில் கிறுக்கல் இருந்தால்
பக்கத்துக்கு ஐந்து ரூபாய்;
கிறுக்கியவர் கிடைக்காவிட்டால்
தொகுப்பூதியக்காரன் தலையில்.
ரப்பரோடு உட்கார்ந்தேன்.

பக்கம் பதினான்கு.
'கம்பளி உடையும் கையுறையும் அணிந்து
வெளியே சென்று வேடனைத் தேடுங்கள்.'
அடியில் கோணல் எழுத்து:
கம்பளி இல்லை. அண்ணன் லுங்கியைப்
போர்த்திக்கிட்டுப் போனேன். தெரிஞ்சுச்சு.
பெல்ட்டில் மூணு.
மு. முனீஸ்பிரபு, 5 ஆ.
பெயரும் வகுப்பும் போட்டுக்
குற்றம் செய்கிற பிள்ளை.
அழித்தேன்.
ரப்பர் தூளை ஊதினேன்.

பக்கம் இருபத்திரண்டில் பிறை,
கதிர் அரிவாள் போல நிமிர்ந்து.
ஓரத்தில் சாகுபர்:
நோன்புப் பிறை இப்படி நிக்கல.
கரையில் ஏத்திப் போட்ட வத்தை மாதிரி
மல்லாந்து கிடந்துச்சு.
எட்டுப் பேர் பார்த்தோம்.
எட்டுப் பேரின் பெயரும் இருந்தது.
சாட்சிகளை எப்படி அழிக்க?
பக்கத்தைத் தள்ளினேன்.

முப்பத்தொன்று. 'அண்ணாந்து பாருங்கள்,
துருவ நட்சத்திரம் உயரத்தில் நிற்கும்.'
யாரென்று தெரியாத கை:
பொய். கையை நீட்டினால் ஒரு முட்டி உயரம்தான்.
உப்பளம் தாண்டி, கருவேலத்துக்கு மேலே.
மரம் வளர்ந்தால் அதுவும் போச்சு.

கடைசிப் பக்கத்தில்
ஒரே வரி, படம்கூட இல்லை:
'தெற்குச் சிலுவை என்றொரு கூட்டம் உண்டு;
அது நம் வானத்தில் தெரியாது.'
'நம்' மேல் ஒரு கோடு.
அதற்கு மேலே, பொறுமையாக, 'உங்கள்'.
கீழே:
மே 9, தடைக்காலம், கடலில் விளக்கே இல்லை.
இரவு ஒன்பது மணி.
தண்ணிக்கு மேலே இரண்டு முட்டி.
நாலும் இருந்துச்சு, லேசாச் சாய்ஞ்சு.
ஸ்டெனிஷா, மூக்கையூர்.

அந்த மொழியில்
நாமுக்கும் நாங்களுக்கும் ஒரே சொல்லாம்.
தமிழாக்கியவர் ஒன்றை எடுத்தாக வேண்டும்.
அன்பாகத்தான் எடுத்திருப்பார்.
முதல் பக்கத்திலிருந்து
நம் சூரியன், நம் நிலா என்று
கைபிடித்துக் கூட்டிவந்து
கடைசி வரியில்
எங்களைத் தெருவில் விட்டுவிட்டார்.

நான் இந்தப் புத்தகத்தை
நான்கு வருடமாகத் தூசி தட்டுகிறேன்.
ஒருநாளும் எடுத்துப்போய்
வெளியே நின்று சரிபார்த்ததில்லை.

பதினான்காம் பக்கத்துக்குத் திரும்பினேன்.
பிள்ளை அழுத்தி எழுதுகிறவன்;
விளக்கைச் சரித்துப் பிடித்தால்
பள்ளம் இன்னும் இருந்தது.
பென்சிலைச் சீவி, அந்தப் பள்ளத்திலேயே
மெல்லப் போனேன்:
கம்பளி இல்லை.
'பெல்ட்' என்பதில் புள்ளி விட்டிருந்தான்.
நானும் விட்டேன்.

பதிவேட்டில்,
நிலை என்ற கட்டத்தில், 'நன்று'.
நான்கு பக்கம், இருபது ரூபாய்.
என் பெயருக்கே ரசீது கிழித்தேன்.

பூட்டிவிட்டுக் கரைப்பக்கம் நடந்தேன்.
தடைக்காலம் முடிந்துவிட்டது.
தெற்கே கடல் முழுக்க வெளிச்சம்,
எது படகு, எது வானம் என்றே பிடிபடவில்லை.
கையை நீட்டினேன்.
ஒரு முட்டி. அதன்மேல் இன்னொரு முட்டி.
அங்கே ஏதோ நாலு இருந்தது.
ஐந்தாகவும் இருக்கலாம்.

புத்தகம் உள்ளே.
நாளைக்கு ஸ்டெனிஷா வந்தால் கேட்க வேண்டும்.